நோட்பேடு போதும், நகையை அடகு வைக்காதீர்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்க்கப் போகிறவர்களாவது கடைசி வரை படித்துவிடுங்கள்.

போன வருடம் ஆவணி மாதம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். இப்போது பி.ஏ. வரலாறு முடித்திருக்கிறாள். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறார். பக்கத்து டவுனில் ஒரு பயிற்சி மையம். "ஆறே மாதத்தில் வெப் டெவலப்பர், வேலை உறுதி" என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்களாம். கட்டணம் 38,500 ரூபாய், மூன்று தவணை. அம்மா கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து இரண்டு தவணை கட்டிவிட்டார். மூன்றாவது தவணைக்குக் கைமாற்று கேட்டு மகளை என்னிடம் அனுப்பியிருந்தார்.

"என்ன படிச்ச, காட்டு பார்ப்போம்" என்றேன். நோட்டை நீட்டினாள். நூறு பக்கத்துக்குக் குறையாது. பழைய முத்து முத்தான கையெழுத்து மாறவே இல்லை. "சரி, ஒரே ஒரு பக்கம் செஞ்சு காட்டு" என்றேன். பேசாமல் நின்றாள். கண் கலங்கிவிட்டது.

"எனக்கு மண்டையில ஏற மாட்டேங்குது டீச்சர். மத்தவங்களுக்கெல்லாம் புரியுது போல. நான் ஆர்ட்ஸ் குரூப்புதான டீச்சர்."

அந்த 38,500 ரூபாயை விட இந்த வார்த்தைதான் எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரிந்தது. 33 வருடம் ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருந்தவள் நான். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் முதலில் நடத்தியவர் தன்னைக் கேள்வி கேட்க வேண்டும். பிள்ளை தன்னையே மக்கு என்று நம்ப ஆரம்பித்துவிட்டால் அதன் பிறகு எந்தப் பாடமும் ஏறாது. பணத்தையும் வாங்கிக்கொண்டு, "நீ மக்கு" என்ற எண்ணத்தையும் கொடுத்து அனுப்புகிறவர்களை என்ன சொல்ல?

என்ன நடத்தினார்கள் என்று விசாரித்தேன். முதல் நாள் ஏழெட்டு சாஃப்ட்வேரை இறக்கிக் கொடுத்தார்களாம். இரண்டாவது வாரமே பூட்ஸ்டிராப், அடுத்த மாதம் ரியாக்ட். சார் திரையில் போட்டுக் காட்டுவார், இவர்கள் பார்த்து எழுதிக்கொள்வார்கள். வெற்றுப் பக்கத்தில் முதல் எழுத்திலிருந்து தானாக ஒரு பக்கத்தை அவள் ஒருநாளும் செய்ததில்லை. அ, ஆ எழுதத் தெரியாத பிள்ளையிடம் கட்டுரை நோட்டைக் கொடுத்துப் பார்த்து எழுதச் சொன்ன கதை இது. செயல்வழிக் கற்றல் வந்தபோது கற்றல் ஏணி என்று அட்டை அட்டையாகப் படி வைத்து நடத்தினோமே, நினைவிருக்கிறதா? இங்கே ஏணியின் மேல் படி மட்டும்தான் இருந்தது.

எனக்கும் அப்போது எச்.டி.எம்.எல். என்றால் என்னவென்று தெரியாது. வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும்தான் என் கம்ப்யூட்டர் அறிவு. "எனக்கும் தெரியாது, வா, ரெண்டு பேரும் சேர்ந்தே படிப்போம். அதுவரைக்கும் மூணாவது தவணை கட்டாத" என்றேன். மகன் விட்டுப் போன விண்டோஸ் 7 லேப்டாப் ஒன்று பீரோவில் கிடந்தது. பதினோராம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் பாடநூலைத் தமிழ்வழிப் பதிப்பாகவே எடுத்துக்கொண்டோம். எச்.டி.எம்.எல். அதில் இருக்கிறது. அரசாங்கம் அச்சிட்ட புத்தகம், இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

முதல் பாடத்தை உங்களுக்கும் சொல்கிறேன். விண்டோஸ் கம்ப்யூட்டரில் நோட்பேடு இருக்கிறது. அதில் தட்டச்சு செய்து, கோப்புக்கு 'இண்டெக்ஸ் டாட் எச்.டி.எம்.எல்.' என்று பெயர் வைத்துச் சேமித்து, இரண்டு முறை கிளிக் செய்தால் பிரவுசரில் பக்கமாகத் திறக்கும். இதற்கு நெட் இணைப்புகூட வேண்டாம். டேக் என்பது ஒரு பெட்டி மாதிரி. 'எச்1' என்று திறந்து தலைப்பை எழுதி, சாய்கோடு போட்டு மூட வேண்டும். பத்திக்கு 'பி'. இணைப்புக்கு 'ஏ'. பட்டியலுக்கு 'யு.எல்.', அதன் உள்ளே ஒவ்வொரு வரிக்கும் 'எல்.ஐ.'. படத்துக்கு 'ஐ.எம்.ஜி.', இதற்கு மட்டும் மூடி கிடையாது. பத்துப் பன்னிரண்டு டேக் தெரிந்தால் ஒரு முழுப் பக்கம் செய்துவிடலாம். பெயர்கள்தான் ஆங்கிலம், உள்ளே எழுதுவது அத்தனையும் தமிழில் இருக்கலாம்.

இவ்வளவுதானா என்றால், தப்பு செய்ய நிறைய இடம் இருக்கிறது. நாங்கள் ஒன்று விடாமல் செய்தோம்.

முதல் நாள் பக்கம் திறக்கவே இல்லை, மறுபடியும் நோட்பேடே திறந்தது. நோட்பேடு தானாகக் கடைசியில் 'டாட் டி.எக்ஸ்.டி.' என்று வால் ஒட்டியிருந்தது, விண்டோஸ் அந்த வாலை மறைத்து வைத்திருந்தது. சேமிக்கும்போது 'ஆல் ஃபைல்ஸ்' தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

இரண்டாவது, தமிழில் அடித்துச் சேமித்ததெல்லாம் மறுநாள் வெறும் கேள்விக்குறிகளாக நின்றது. பழைய நோட்பேடு 'ஆன்சி' முறையில் சேமிக்கும், அதில் தமிழுக்கு இடமில்லை. 'யு.டி.எஃப்.-8' என்று மாற்ற வேண்டும், பக்கத்தின் தலைப்பகுதியிலும் அதைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, பக்கம் முழுக்கப் பெரிய எழுத்தாக வந்தது. 'எச்1'ஐ மூடும்போது சாய்கோட்டை விட்டிருந்தேன். அன்றைக்கு அவள்தான் கண்டுபிடித்தாள். "டீச்சர், நீங்க தலைப்ப மூடவே இல்ல" என்று சொன்னபோது அவள் குரலே வேறு மாதிரி இருந்தது. ஐந்தாம் வகுப்பில் கேட்ட குரல்.

நான்காவது, லேப்டாப்பில் தெரிந்த பள்ளிப் படம், இலவச இடம் ஒன்றில் ஏற்றிய பிறகு தெரியவில்லை. படத்தின் பெயரில் பெரிய எழுத்து, நாங்கள் பக்கத்தில் எழுதியது சின்ன எழுத்து. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. நாங்கள் ஏற்றிய சர்வர் லினக்ஸில் ஓடுவது, அதற்கு இரண்டும் வேறு வேறு கோப்பு. இந்த நான்கு தப்பும் எங்களுக்கு நான்கு பாடம். அவளுடைய நூறு பக்க நோட்டில் இதில் ஒன்றுகூட இல்லை.

இன்னொன்றும் அந்த நோட்டில் இல்லை. படம் போடும்போது 'ஆல்ட்' என்று ஒரு இடம் உண்டு. படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுத வேண்டும். பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் வைத்துப் பக்கத்தைக் கேட்கும்போது அந்த வரிதான் அவர்களுக்குப் படம். தமிழ்ப் பக்கம் என்று மொழியையும் மேலே குறித்தால் வாசிப்பான் தமிழ்க் குரலுக்கு மாற வழியிருக்கும். நாங்கள் செய்தது எங்கள் பழைய பள்ளியைப் பற்றிய பக்கம். என்னிடம் படித்த பார்வையற்ற மாணவர் ஒருவர் இப்போது ஆசிரியர். அதைக் கேட்டுவிட்டு போன் செய்தார். "டீச்சர், வேப்பமரத்தடியில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்காங்கன்னு வந்துச்சு. அந்த மரம் இன்னும் இருக்கா?" இதுதான் அடிப்படை. கண் தெரியாதவருக்கும் சேர்த்து எழுதக் கற்பிக்காமல் அனிமேஷன் கற்பிக்கும் பாடத்துக்கு அடிப்படை என்று பெயர் வைக்காதீர்கள்.

ஒரு சரித்திரத்தையும் சொல்ல வேண்டும். வலையை உருவாக்கியவர் டிம் பெர்னர்ஸ்-லீ. சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1989ஆம் ஆண்டு அதற்கான திட்டத்தை எழுதிக் கொடுத்தார். 1991இல் எச்.டி.எம்.எல்.லுக்கு அவர் வெளியிட்ட பட்டியலில் இருந்தவை 18 டேக்குகள். 1993 ஏப்ரல் 30ஆம் தேதி, இந்தத் தொழில்நுட்பத்தை யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. அவர்கள் சும்மா கொடுத்ததன் முதல் படியைத்தான் இங்கே சங்கிலிக்கு விற்கிறார்கள்.

தமிழிலும் சும்மா கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். தமிழை வலையில் ஏற்றிய முன்னோடிகளில் ஒருவர் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி. அவரும் நம் தொழில்தான், ஆசிரியர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறது. கணியம் குழுவினர் கணினி நூல்களை எளிய தமிழில் இலவசமாக வெளியிடுகிறார்கள்.

எங்கள் ஓய்வுபெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இதைச் சொன்னபோது வந்த எதிர்ப்புகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

"ஏஐகிட்ட சொன்னா ரெண்டு நிமிஷத்துல பக்கம் போட்டுக் கொடுத்துடும், இதை எதுக்கு உக்காந்து படிக்கணும்?" என்றார் ஒரு சார். போட்டுக் கொடுக்கும், நானும் கேட்டுப் பார்த்தேன். அழகான பக்கம்தான். ஆனால் என்னிடம் இல்லாத படத்தின் பெயரை எழுதியிருந்தது, இல்லாத போன் நம்பரையும் போட்டிருந்தது. படிக்கத் தெரிந்ததால் திருத்தினேன். மனு எழுதிக் கொடுப்பவர் தாலுகா ஆபீஸ் வாசலில் எப்போதும் இருக்கிறார். அதற்காக எழுத்தறிவு வேண்டாம் என்று நாம் சொன்னோமா? எழுதியதைப் படித்துப் பார்க்காமல் கைநாட்டு வைக்கக் கூடாது என்பதற்காகத்தானே அறிவொளி இயக்கத்தில் இரவில் அரிக்கேன் விளக்கோடு தெருத்தெருவாக அலைந்தோம்?

"எச்.டி.எம்.எல். மட்டும் தெரிஞ்சா வேலை கிடைக்குமா டீச்சர்?" என்றார் இன்னொருவர். கிடைக்காது. நான் எங்கேயும் கிடைக்கும் என்று சொல்லவில்லை. சொன்னது அந்த நோட்டீஸ். இது முதல் படி. இது கைவந்த பிறகு சி.எஸ்.எஸ்., அப்புறம் ஜாவாஸ்கிரிப்ட் என்று ஏறலாம். பிடிக்கவில்லை என்றால் செலவில்லாமல் இறங்கிவிடலாம். அந்தச் சுதந்திரத்தைத்தான் முன்பணம் வாங்கிக்கொண்டு பறிக்கிறார்கள்.

எல்லாப் பயிற்சி மையமும் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. பொறுமையாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் சாப்பிட வேண்டும், கட்டணம் வாங்கட்டும். பெற்றோரே, பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று, முதல் வாரத்தில் என் பிள்ளை யார் உதவியும் இல்லாமல் வெற்றுப் பக்கத்திலிருந்து எதைச் செய்வாள்?

இரண்டு, அவள் தப்பு செய்தால் யார் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

மூன்று, ஒரு மாதத்தில் நின்றுவிட்டால் மீதிப் பணம் திரும்ப வருமா? அதை எழுதிக் கொடுப்பீர்களா?

பதிலுக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். கட்டிய இரண்டு தவணையை மையம் திருப்பித் தரவில்லை. சங்கிலி இன்னும் கடையில்தான் இருக்கிறது, அம்மா மாதாமாதம் வட்டி கட்டுகிறார். கதை நன்றாக முடிந்தது என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. ஆனால் "நான் ஆர்ட்ஸ் குரூப்புதான" என்ற பேச்சு நின்றுவிட்டது. இப்போது சனிக்கிழமை தோறும் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒன்பது பிள்ளைகள் உட்காருகிறார்கள். பாடம் நடத்துவது அவள். நான் வருகைப் பதிவு எடுக்கிறேன், டீ போடுகிறேன், என்னுடைய மூடாத டேக்குகளை அவளிடம் காட்டித் திட்டு வாங்குகிறேன்.

லேப்டாப் இரண்டுதான் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பீரோவில் பழையது ஏதாவது தூங்கிக்கொண்டிருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். பேட்டரி போயிருந்தாலும் பரவாயில்லை, வயரைச் செருகி ஓட்டிக்கொள்வோம்.