மேசைக்கு முன்னால் நிற்பவருக்கு எதற்குப் பரீட்சை?

லண்டனில் இருக்கும் கணவனிடம் போய்ச் சேரத் திருகோணமலைப் பெண் ஒருத்தி விண்ணப்பிப்பதானால், கல்யாணப் பதிவுச் சான்றிதழோடு ஆங்கிலப் பரீட்சைச் சான்றிதழையும் வைக்க வேண்டும். 2010 நவம்பரிலிருந்து பிரித்தானியா இதைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறது. முதலில் ஏ1 என்ற அடிமட்டத் தரம். பேசவும் கேட்டு விளங்கவும் தெரிந்தால் போதும். இரண்டரை வருடம் கழிந்து விசாவை நீடிக்க ஏ2. நிரந்தர வதிவிடத்துக்கு பி1, அதோடு பிரித்தானிய வாழ்க்கை பற்றிய இன்னொரு பரீட்சை. 2025 மே மாதம் அந்நாட்டு அரசு வெளியிட்ட குடிவரவு வெள்ளை அறிக்கை இந்தப் படிகளை இன்னும் உயர்த்தச் சொல்கிறது. சுவிஸ் 2018 முதல் குடியுரிமை கேட்போரிடம் பேச்சில் பி1, எழுத்தில் ஏ2 கேட்கிறது. அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் 2025 மார்ச் 1ஆம் திகதி ஓர் ஆணையின் மூலம் ஆங்கிலத்தை அந்நாட்டின் உத்தியோகபூர்வ மொழியாக அறிவித்தார்.

போன நாட்டு மொழியைப் படிக்கத்தானே வேண்டும், இதில் என்ன குறை என்று நம்மவர்களே கேட்கிறார்கள். படிக்கத்தான் வேண்டும். ஆங்கிலம் தெரியாமல் லண்டனில் வாழும் பெண், டொக்டரிடம் போவதற்கும் பிள்ளையின் பாடசாலைக்குப் போவதற்கும் கணவனையே நம்பியிருக்கிறாள். அந்தக் கணவன் அடிக்கிறவனாக இருந்துவிட்டால் பொலிஸுக்குச் சொல்லவும் அவளிடம் வார்த்தை இல்லை. மொழி அவளுக்குத் தேவை என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் அந்தத் தேவையைச் சட்டமாக்கி, தேறாவிட்டால் கணவனோடு சேர்ந்து வாழ முடியாது என்று சொல்வது வேறு காரியம். மொழி தெரிய வேண்டும் என்ற சட்டக் கடமை மேசைக்குப் பின்னால் சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவருக்கு உரியது. மேசைக்கு முன்னால் விண்ணப்பத்தோடு நிற்பவர் மேல் அதைச் சுமத்தக்கூடாது என்பது நமது நிலைப்பாடு. லண்டனுக்கும் அதுதான், திருகோணமலைக்கும் அதுதான்.

வேற்று மொழியை மனிதர் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்க்க இந்தத் துறைமுகத்தைவிட நல்ல இடம் கிடையாது. 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போகும்வரை, டொக்யார்டில் வேலை செய்தவர்கள் வேலைக்கு வேண்டிய ஆங்கிலத்தை வேலையிலேயே பிடித்துக்கொண்டார்கள். நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து பருவத்துக்கு வந்து வாடி போடும் மீனவர்களும் இங்குள்ள மீனவர்களும் விலை பேசவும் சண்டை பிடிக்கவும் போதுமான அளவு ஒருவர் மொழியை மற்றவர் அறிவார்கள். கிண்ணியா வியாபாரி கந்தளாயில் சிங்களத்தில் கணக்குத் தீர்க்கிறார். இவர்களில் யாரும் அரசாங்கப் பரீட்சை எழுதியவர்கள் அல்லர். பேசினால் பிழைப்பு நடக்கும் என்ற இடத்தில் மொழி தானாக வருகிறது.

சட்டத்தால் மொழியைத் திணித்தால் என்ன நடக்கும் என்பதையும் இந்த நாடு அனுபவித்தே அறிந்தது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை ஒரே அரசகரும மொழியாக்கியது. அடுத்த மாதமே, ஓகஸ்டில், தமிழரசுக் கட்சி தன் மாநாட்டைத் திருகோணமலையில் கூட்டித் தமிழுக்குச் சம அந்தஸ்து உட்பட நான்கு கோரிக்கைகளை முன்வைத்தது. 1961இல் சட்டத்தை நிருவாகத்தில் முழுதாக நடைமுறைப்படுத்தத் தொடங்கியதும் வடக்கிலும் கிழக்கிலும் கச்சேரி வாசல்களில் சத்தியாக்கிரகிகள் உட்கார்ந்தார்கள்; திருகோணமலைக் கச்சேரியும் அதில் ஒன்று. ஏப்ரலில் அவசரகாலச் சட்டமும் இராணுவமும் வந்து அதை முடித்து வைத்தன.

அந்தக் காலத்துக் கதைகளில் கோடீஸ்வரன் வழக்கைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். 1952இல் அரச சேவையில் சேர்ந்த தமிழ் இலிகிதர் அவர். கேகாலைக் கச்சேரியில் வேலை. 1961 திறைசேரிச் சுற்றுநிருபம் கேட்ட சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்கு அவர் தோற்றவில்லை என்று 1962இல் அவருடைய சம்பள ஏற்றத்தை நிறுத்தினார்கள். அவர் வழக்குப் போட்டார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம், சம்பளத்துக்காக அரசை வழக்கிழுக்க அரச ஊழியருக்கு உரிமையில்லை என்று சொல்லி அதைக் கவிழ்த்தது. 1969இல் லண்டன் கோமறைக் கழகம் அந்த வாதத்தைத் தள்ளி, மொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானதா என்ற உண்மையான கேள்வியை விசாரிக்கச் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்விக்கு இன்றுவரை விடையில்லை. கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் வழியை 1971இல் மூடினார்கள். 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தது.

இங்கே நம் வாதத்துக்கே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது என்று கூர்மையான வாசகர் சொல்லக்கூடும். கோடீஸ்வரன் மேசைக்குப் பின்னால் இருந்தவர்தானே? கேகாலையில் வந்து நிற்கிற சிங்களக் கமக்காரனோடு பேச அவருக்குச் சிங்களம் தெரிந்திருக்க வேண்டாமா? வேண்டும், மறுக்கவில்லை. அநியாயம் இரண்டு இடத்தில் இருந்தது. ஆங்கிலத்தில் வேலைக்கு எடுத்தவரிடம் பத்து வருடத்துக்குப் பிறகு விதியை மாற்றிச் சம்பளத்தில் கை வைத்தார்கள் என்பது ஒன்று. விதி ஒருவழிப் பாதையாக இருந்தது என்பது அதைவிடப் பெரியது. திருகோணமலைக்கு மாற்றலாகி வந்த சிங்கள அதிகாரியிடம் அன்று யாரும் தமிழ்ப் பரீட்சை கேட்கவில்லை. மக்களுக்குச் சேவை செய்வதுதான் நோக்கமென்றால் இரண்டு பக்கமும் அல்லவா கேட்டிருக்க வேண்டும்?

அடுத்த மறுப்பு இன்னும் பலமானது. நாங்கள் இந்த மண்ணுக்குரியவர்கள், எங்கள் மொழி இங்கேயே பிறந்து வளர்ந்தது. லண்டனுக்குப் போகிறவர் தானாக விரும்பிப் போகிறவர். இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா? வைக்க முடியாதுதான். பிரித்தானியாவின் அரசகரும மொழியாகத் தமிழைக் கேட்கும் உரிமை நமக்கு இல்லை. வெம்பிளியில் நாலு தமிழ்க்கடை இருக்கிறது என்பதால் அது வந்துவிடாது. ஆனால் நாம் பேசுவது அதைப் பற்றியல்ல. கல்யாணம் செய்தவர்கள் சேர்ந்து வாழ்வதற்கும் வயதான தாய் தகப்பன் பிள்ளையோடு இருப்பதற்கும் மொழியை வாசல்பூட்டாகப் போடலாமா என்பதுதான் கேள்வி. 2015இல் பிரித்தானிய உயர் நீதிமன்றமே இந்த இடத்தில் தயங்கியது. விதி செல்லும் என்றது. ஆனால் படிக்க வசதியில்லாத இடத்திலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு விலக்களிக்கும் வழி மிகக் குறுகியது, அதனால் பலருடைய குடும்ப வாழ்வுரிமை மீறப்படக்கூடும் என்றும் சேர்த்துச் சொன்னது. வெருகலிலோ குச்சவெளியிலோ இருக்கும் பெண்ணுக்கு ஆங்கில வகுப்பு எங்கே, பரீட்சை மண்டபம் எங்கே, போய்வரும் செலவு எவ்வளவு என்று நினைத்துப் பார்த்தால் அந்த நீதிபதிகள் சொன்னது விளங்கும்.

நம்மையும் இதே அளவுகோலால் அளந்து பார்ப்போம். கந்தளாயிலும் சேருவிலவிலும் கோமரங்கடவலவிலும் சிங்களக் குடும்பங்கள் இருக்கின்றன. அவற்றில் பல அரச குடியேற்றத் திட்டங்களால் வந்தவை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 40 வீதம், தமிழர் 30 வீதத்துக்குச் சற்று மேல், சிங்களவர் 27 வீதம். ஆகப் பத்தில் ஏழு பேருக்கு மேல் தமிழ் பேசுகிறவர்கள். குடியேற்றத்தை எதிர்ப்பது வேறு விஷயம். அதில் நமக்குள்ள கருத்து மாறவில்லை. ஆனால் அங்கே பிறந்து வளர்ந்த ஒருவரிடம் தமிழ்ப் பரீட்சையில் தேறினால்தான் காணி அனுமதிப்பத்திரம் என்று நாளை ஒரு சட்டம் வந்தால் இந்தப் பத்திரிகை அதை எதிர்க்கும். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை வடக்கு கிழக்கில் தமிழை நிருவாக மொழியாக்குகிறது. அதே உறுப்புரை இங்கு வாழும் சிங்களவர் தம் மொழியில் பதில் பெறும் உரிமையையும் தருகிறது. அது சரியான ஏற்பாடு. கந்தளாய் அலுவலகத்தில் பேராற்று முஸ்லிமும் தம்பலகாமத்துத் தமிழரும் தம் மொழியில் வேலை முடித்துக்கொண்டு போக வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

வெளிநாட்டு அரசுகள் குடிவந்தவர்களின் நன்மைக்காகவே பரீட்சை வைப்பதாகச் சொல்கின்றன. அந்த நன்மையில் அவர்களுக்கு எவ்வளவு அக்கறை என்பதை வரவு செலவுத் திட்டத்தில் பார்க்கலாம். இங்கிலாந்தில் பிறமொழிக்காரருக்கு ஆங்கிலம் படிப்பிக்க அரசு ஒதுக்கிய தொகை 2010இல் 203 மில்லியன் பவுண். 2016இல் 90 மில்லியன். பரீட்சைகளைக் கூட்டிக்கொண்டே போன அதே வருடங்களில் வகுப்புகளுக்கான காசைப் பாதிக்குக் கீழே வெட்டியிருக்கிறார்கள். டிரம்பின் ஆணையும் அப்படித்தான். ஆங்கிலம் போதியளவு தெரியாதவர்களுக்கு அரச அலுவலகங்கள் மொழி உதவி செய்ய வேண்டும் என்று 2000இல் கிளின்டன் போட்ட கட்டளையை அது ரத்துச் செய்தது. மேசைக்குப் பின்னாலிருந்த கடமையைத் தூக்கி முன்னால் நிற்பவர் தலையில் வைத்தாயிற்று.

பரீட்சை எவ்வளவு தூரம் கெட்டுப்போகும் என்பதற்கு அவுஸ்திரேலியா சாட்சி. 1901 குடிவரவுச் சட்டத்தின்படி, வந்து இறங்குபவருக்கு அதிகாரி விரும்பிய ஏதாவதொரு ஐரோப்பிய மொழியில் 50 சொல்லைச் சொல்லெழுதுதலாகக் கொடுக்கலாம். வெள்ளையரல்லாதவரைத் திருப்பியனுப்ப அதுவே போதுமாக இருந்தது. 1909க்குப் பிறகு அதில் ஒருவரும் தேறவில்லை. 1934இல் ஏகொன் கிஷ் என்ற செக் நாட்டு எழுத்தாளரை உள்ளே விட விரும்பாத அரசு, பல மொழி தெரிந்த அந்த மனிதருக்கு ஸ்கொட்லாந்துக் கேலிக் மொழியில் சொல்லெழுதக் கொடுத்தது. நீதிமன்றம் சிரிக்காத குறையாக அதைத் தள்ளியது. 1958 வரை அந்தப் பரீட்சை இருந்தது.

வேலைக்கு மொழி கேட்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. வெளிநாட்டில் வைத்தியம் பார்க்கப் போகும் டொக்டரிடமும் தாதியிடமும் அந்நாட்டு மொழியைக் கண்டிப்பாகக் கேட்கலாம். நோயாளியின் உயிர் அதில் இருக்கிறது. குடியுரிமைக்கு ஓரளவு கேட்பதும் பொறுக்கக்கூடியது. வகுப்பு இலவசமாக இருக்க வேண்டும், வயதானவரையும் எழுத்தறியாதவரையும் விட்டுவிட வேண்டும். கனடா 18 முதல் 54 வயது வரையானவர்களிடம்தான் கேட்கிறது.

லண்டனைப் பார்த்து இவ்வளவு சொல்லும் நாம் நம்மூர் மேசைகளுக்கு வருவோம். 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007இன் 7ஆம் இலக்கப் பொதுநிருவாகச் சுற்றுநிருபம், அவ்வருடம் ஜூலை 1க்குப் பின் சேரும் ஒவ்வொரு அலுவலரும் ஐந்து வருடத்தில் இரண்டாவது மொழியில் தேற வேண்டும் என்றது. தமிழருக்குச் சிங்களம், சிங்களவருக்குத் தமிழ்; கோடீஸ்வரனுக்கு மறுக்கப்பட்ட நீதி அதில் இருக்கிறது. 2011இல் நல்லிணக்க ஆணைக்குழு, பொலிஸ் நிலையங்களில் இருமொழி அலுவலர் 24 மணி நேரமும் இருக்க வேண்டும் என்றும் முறைப்பாட்டாளர் விரும்பும் மொழியில் வாக்குமூலம் எழுத வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. மொழி உரிமை மீறலை முறையிடத் தொலைபேசி இலக்கமும் கொடுத்தார்கள்: 1956. இலக்கத்தைத் தெரிவு செய்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது. இவ்வளவும் இருந்தும், தமிழில் சொன்ன முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி, வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கும் வழக்கம் ஓயவில்லை. சான்றிதழ் கோவையில் கிடக்கிறது. பேச்சு நாவில் ஏறவில்லை.

மாவட்டச் செயலகமும் பொலிஸ் திணைக்களமும் ஒரு காரியத்தைச் செய்யட்டும். திருகோணமலை பட்டினமும் சூழலும் முதல் கோமரங்கடவல வரை ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் பொலிஸ் நிலையத்திலும் எந்த மேசையில் எந்த மொழி தெரிந்தவர் எந்த நேரத்தில் இருப்பார் என்று வாசலில் இரு மொழியிலும் ஒட்ட வேண்டும். ஆள் இல்லாத மேசைக்கு இடமாற்றத்தின்போது முதலில் ஆள் போட வேண்டும். பதவி உயர்வுக்கான மொழித் தேர்வில் எழுத்துத் தாளோடு நிறுத்தாமல், முன்னால் ஆளை இருத்திப் பேசவைத்துப் பார்க்க வேண்டும். தனக்கு விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துக் கேட்டால், போடமாட்டேன் என்று சொல்லும் உரிமை பொதுமகனுக்கு உண்டு என்பதையும் அதே பலகையில் எழுதட்டும்.