மூச்சடக்கும் பந்தயம்

உங்களால் எத்தனை விநாடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க முடியும்? கடிகாரத்தை வைத்துக்கொண்டு சோதித்துப் பாருங்களேன். நான் பார்த்தேன், அரை நிமிஷம் தாண்டுவதற்குள் திணறிவிட்டேன்!

இதையே ஒலிம்பிக் பந்தயமாக நடத்தினார்கள் என்றால் நம்புவீர்களா? கிரேக்கரின் பழைய ஒலிம்பிக் விழாவைப் பிரான்ஸ் தேசத்துக் கூபர்தேன் பிரபு புதுப்பித்தார். 1896-ல் ஏதென்ஸில் முதல் விழா. அடுத்தது 1900-ல், பாரிஸ் மாநகரத்துப் பொருட்காட்சியோடு சேர்ந்து. பெண்கள் முதன்முதலாகக் கலந்துகொண்டது அதில்தான். (ஆனால் நீச்சலுக்கு மட்டும் அவர்களை 1912 வரை காக்க வைத்துவிட்டார்கள்!)

பாரிஸில் நீச்சல் போட்டிகள் ஸேன் நதியில் நடந்தன. அவற்றில் ஒன்று, தலையை வெளியே காட்டாமல் நீருக்குள்ளேயே நீந்துவது. மீட்டருக்கு 2 மார்க். உள்ளே இருக்கும் ஒவ்வொரு விநாடிக்கும் 1 மார்க். தெவாந்தவில் என்ற பிரெஞ்சுக்காரர் 60 மீட்டர் நீந்தி, 68 விநாடி உள்ளே இருந்து ஜயித்தார். டென்மார்க்கின் லிக்கபர்க்தான், பாவம்! 90 விநாடி மூழ்கியிருந்தும், வட்டமாகச் சுற்றிவிட்டதால் மூன்றாவது இடமே கிடைத்தது.

அந்தப் பந்தயம் மறுபடி நடக்கவில்லை. கரையில் நிற்பவர்களுக்குப் பார்க்க ஒன்றும் இல்லையே!

நம் தூத்துக்குடி முத்துக்குளித்துறையில் இதே வித்தைதான் பிழைப்பாக இருந்தது. கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றி ஐம்பது, அறுபது அடி ஆழத்துக்கு இறங்குவார்கள். ஒரு நிமிஷம் போல மூச்சடக்கிச் சிப்பி பொறுக்குவார்கள். ஒரு தடவையா, இரண்டு தடவையா? பொழுதெல்லாம் அதே வேலை. கயிறு அசைந்ததும் தோணியிலிருப்பவர் தூக்கிவிட வேண்டும். சற்றே தாமதித்தாலும் ஆபத்து. அதனால் கயிறு பிடிக்க மைத்துனனைத்தான் நம்புவார்கள் என்று அந்தப் பக்கத்தில் சொல்வதுண்டு. கூடப் பிறந்தவளின் தாலியாயிற்றே, கையை நழுவவிடுவானா?

தோணி திரும்பும்வரை வீட்டிலிருந்தவளுக்கும் பார்க்க ஒன்றும் இல்லை. காது மட்டும் கடற்கரைப் பக்கமே இருந்திருக்கும்.

சர்க்கார் 1955 முதல் நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது. அந்த நாட்களில் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்குதான் குளித்தவர்களுக்கு. அதிலும் முத்து இருக்கிறதா இல்லையா என்பது, சிப்பியைத் திறந்த பிறகுதான் தெரியும்.