ஷாட்கன்னில் உபரித் தோட்டா: திருகாணியா, வெல்க்ரோவா?

வீட்டுக் காவலுக்கு என்று ஷாட்கன் வாங்கும் அமெரிக்கருக்கு அடுத்து வரும் தலைவலி, உபரித் தோட்டாக்களை எங்கே வைப்பது என்பதுதான். கேட்க அற்ப விஷயம் போல இருக்கும். ஆனால் கொஞ்சம் யோசித்தால் அப்படி இல்லை என்பது புரியும்.

ரெமிங்டன் 870-ஐ எடுத்துக்கொள்வோம். 1950-ல் வந்த மாடல், ஒரு கோடிக்கு மேல் தயாரானது. சாதாரண 870-ல் குழலுக்குக் கீழே உள்ள குழாயில் 4 தோட்டா, சுடும் அறையில் 1, ஆக மொத்தம் 5. காலி மேகஸினைக் கழற்றி எறிந்துவிட்டு நிறைந்ததை மாட்டுகிற ரைபிள் சௌகரியம் இதில் கிடையாது. ஒவ்வொன்றாக விரலால் தள்ளித்தான் நிரப்ப வேண்டும். நடுராத்திரி கதவு உடையும் சத்தம் கேட்டு எழுகிறவருக்கு இரவு உடையில் பாக்கெட் கூட இருக்காது. ஆறாவது தோட்டாவுக்கு அவர் எங்கே போவார்? துப்பாக்கியிலேயே ஒட்டிக்கொண்டு வந்தால்தான் உண்டு.

முன்பெல்லாம் இப்படி மாட்டுவதில் வேறு சிக்கல் இருந்தது. முதல் உலகப் போரில் வின்செஸ்டர் 1897-ஐத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களின் காகிதக் கூட்டுத் தோட்டாக்கள் ஈரத்தில் ஊறி உப்பிப்போய், துப்பாக்கிக்குள் நுழைய மறுத்தன. பிறகு முழுப் பித்தளைக் கூடு செய்தார்கள். 1960 வாக்கில் பிளாஸ்டிக் கூடு வந்த பின்புதான், தோட்டாவைத் திறந்தபடி வெளியே மாட்டி வைப்பதில் அந்தக் கவலை குறைந்தது.

இருப்பதிலேயே மலிவு, தோளில் பதியும் கட்டைக்கு மாட்டும் எலாஸ்டிக் உறை. ஐந்தாறு தோட்டா பிடிக்கும். ஏழைக்கேற்ற எள்ளுருண்டை! வழுவழுப்பான கட்டையில் சுடச்சுட அது சுழன்றுகொண்டே போகும். கன்னம் வைக்கும் பக்கம் தோட்டா வந்துவிட்டால் குறி பார்ப்பதே சிரமம். போதாததற்கு, தோட்டா எடுக்க ஒரு கை பின்னால் போக வேண்டும். வேட்டைக்காரருக்கு இது போதும். அதிலும் அங்கே வாத்து வேட்டையில் துப்பாக்கிக்குள் 3 தோட்டாவுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது மத்திய அரசு விதி. அவசரமில்லாத ஆட்டம், மீதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது ரிசீவரின் இடது பக்கம் திருகாணி போட்டு மாட்டும் பட்டை. ரிசீவர் என்பது விசைக்கு மேலே இருக்கும் உலோகப் பெட்டி. சுட்ட கூடு வலது பக்கமாக வெளியேறுவதால் இடது பக்கம் காலியாக இருக்கும். டாக்ஸ்டாரின் பிளாஸ்டிக் பட்டை, மேசா டாக்டிகலின் அலுமினியப் பட்டை எல்லாம் இந்த ரகம். கம்பீரமாக இருக்கும், சினிமாவில் வருகிற மாதிரி... பலர் மயங்குவதும் அங்கேதான். 870-ல் இதை மாட்ட விசைப் பகுதியைப் பிடித்து நிறுத்தும் ஊசிகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நீளத் திருகாணியை விட வேண்டும். உறுதியாக இருக்கட்டுமே என்று கொஞ்சம் கூடுதலாக இறுக்கினால் ரிசீவரின் பக்கங்கள் நசுங்கி, உள்ளே ஓட வேண்டிய பாகம் உரசும், சிக்கும். அவசரத்துக்கு உதவட்டும் என்று வாங்கிய சாமானே அவசரத்தில் காலை வாரிவிடும். பழைய நீளமான முன்கைப்பிடி இருந்தால் அதுவும் பட்டையில் இடிக்கும், அதை மாற்ற இன்னொரு செலவு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! எடையும் இருக்கிறது. ஆறு தோட்டா என்றால் கால் கிலோவுக்கு மேல், அதுவும் ஒரே பக்கத்தில்.

மூன்றாவது, வெல்க்ரோ அட்டை. ரிசீவரில் ஒரு வெல்க்ரோ துண்டை ஒட்டிவிட்டால், எலாஸ்டிக் வளையங்களில் தோட்டா செருகிய அட்டையை அதன்மேல் அழுத்தி ஒட்டலாம், வேண்டாதபோது பிய்த்து எடுக்கலாம். குறை இல்லாமல் இல்லை. கார் டிக்கியின் வெயிலில் பசை இளகும், எலாஸ்டிக் நாளாக ஆக தளரும். ஆனாலும் வீட்டுக்கு இதுதான் சரி. காரணம் வேகமும் இல்லை, விலையும் இல்லை. கழற்ற முடிகிறது என்பதுதான்.

குழந்தைகள் உள்ள வீட்டில் துப்பாக்கி இருந்தே ஆக வேண்டுமானால், தோட்டா இல்லாமல் பூட்டி வையுங்கள், தோட்டாவைத் தனியாக இன்னொரு பூட்டுக்குள் வையுங்கள் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். திருகாணிப் பட்டையில் ஆறு தோட்டா செருகி அலமாரியில் நிறுத்தியவர், துப்பாக்கியையும் அதற்கான தீனியையும் ஒரே பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கிறார். உள்ளே காலி என்பது சமாதானம் ஆகாது. எட்டு வயதுப் பையனுக்கு அதை எடுத்துச் செருகத் தெரியாதா என்ன? அட்டை என்றால் துப்பாக்கி ஒரு பூட்டில், அட்டை ஒரு பூட்டில்.

"திருடன் வந்து நிற்கும்போது இரண்டு பூட்டைத் திறந்துகொண்டிருக்க முடியுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சில நொடிகள் வீணாகும் என்பதை மறுக்க முடியாது. தனியாக வாழ்கிறவர் அட்டையை ஒட்டியபடியே துப்பாக்கியைப் பூட்டி வைக்கட்டும். குழந்தை உள்ளவர் அந்த நொடிகளை இழக்கத்தான் வேண்டும். திருடன் என்றைக்காவது வரலாம், வராமலும் போகலாம். குழந்தை தினமும் அந்த அலமாரியைத் தாண்டித்தான் போகிறது.

அட்டையில் இன்னொரு லாபமும் உண்டு. சில வீடுகளில் 12 கேஜ், 20 கேஜ் என இரண்டு அளவுத் துப்பாக்கியும் இருக்கும். 12 கேஜ் குழலின் விட்டம் சுமார் 18.5 மி.மீ., 20 கேஜ் அதைவிடச் சிறியது. 20 கேஜ் தோட்டாவை 12 கேஜ் துப்பாக்கியில் தவறிப் போட்டால் அது அறையைத் தாண்டி நழுவிக் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். ஒன்றும் வெடிக்கவில்லையே என்று பின்னாலேயே 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடித்துவிடும். அதனால்தான் அங்கே 20 கேஜுக்கு மஞ்சள் கூடு என்று வைத்திருக்கிறார்கள். இருட்டில் மஞ்சள் எங்கே தெரியப் போகிறது? டிராயரில் துழாவுவதைவிட, பகல் வெளிச்சத்தில் பார்த்துச் செருகிய அட்டை மேல்.

செருகும்போது பித்தளை அடிப்பாகம் மேலே இருக்கட்டும். அதன் விளிம்பு அகலம், வளையத்தில் தட்டி நிற்கும், குலுக்கினாலும் கீழே நழுவாது. அதற்குப் பிறகும் தோட்டா ஆட ஆரம்பித்தால் அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டியதுதான்.