ஓடும்போது குளிரும், ஊரும்போது கொதிக்கும்

சனிக்கிழமை காலை சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பும் கார், மாமல்லபுரம், மரக்காணம் எல்லாம் தாண்டும்வரை ஒரு குறையும் சொல்லாது. எண்பதில் ஓடும். டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டாது. பெரிய முதலியார்சாவடியில் ஆரோவில்லுக்குத் திரும்பும் இடம் வந்ததும் வண்டிகள் வரிசை கட்டுகின்றன. அங்கிருந்து கோட்டக்குப்பம் வரை ஊர்வலம்தான். பத்து நிமிடத்தில் முள் மேலே ஏறுகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே சாலையோரம் நிற்கிறது.

"வெயில் சார்" என்பார் ஒருவர். "தண்ணி ஊத்துங்க, சரியாயிடும்" என்பார் இன்னொருவர். இரண்டும் கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இதே வெயில் மரக்காணத்திலும் அடித்தது. அங்கே கொதிக்காத கார் இங்கே மட்டும் ஏன் கொதிக்கிறது? இந்தக் கேள்வியில்தான் பாதிப் பதில் இருக்கிறது. பெரும்பாலான மெக்கானிக் ஷெட்டுகளில் யாரும் கேட்காத கேள்வியும் இதுதான்.

எண்பதில் ஓடும் காருக்கு எதிர்க்காற்று சும்மா கிடைக்கிறது. ரேடியேட்டரை அதுவே குளிர்விக்கிறது. ஊரும்போது அந்தக் காற்று இல்லை. ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன்தான் காற்றை இழுக்க வேண்டும். ஆகவே ஓட்டத்தில் குளிர்ந்து, நெரிசலில் மட்டும் கொதிக்கும் காரில் முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான் வர வேண்டும். மாறாக, வேகமாகப் போகும்போது சூடேறினால் ரேடியேட்டரின் உள் அடைப்பு, திறக்காத தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று தேடலாம்.

சோதிப்பதும் கஷ்டமில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் அளவையும் ஒழுகலையும் பார்த்துவிட்டு, ஸ்டார்ட் செய்து நின்ற இடத்திலேயே ஓட விட வேண்டும். சூடேறியதும் ஃபேன் தானாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லையா? ஏசியைப் போட்டால் பல கார்களில் அதே ஃபேன் உடனே ஓடும். அப்படி ஓடினால் மோட்டார் நல்லாயிருக்கிறது, சூட்டை உணரும் சென்சாரோ அதன் வயரிங்கோ தான் குற்றவாளி. ஏசி போட்டும் ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, கனெக்டர், கடைசியாக மோட்டார். கடலோரத்தில் உப்புக்காற்று பட்டு கனெக்டர் பச்சை பூத்துக் கிடப்பது சாதாரணம். ஃபேன் நன்றாகச் சுற்றியும் சூடேறினால், ரேடியேட்டருக்கும் அதன் முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சருக்கும் இடையே மண்ணும் பூச்சியும் அடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து ரேடியேட்டர் மூடி. அழுத்தம் தாங்காத மூடியும் கொதிக்க வைக்கும்.

நெரிசலில் நிற்கும்போது "ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதிச்சு வைங்க" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அது அம்பாசிடர் காலத்து அறிவு. அந்தக் காரில் எஞ்சின்தான் பெல்ட் வழியாக ஃபேனைச் சுற்றியது. மிதித்தால் ஃபேன் வேகமெடுக்கும். 2014இல் அம்பாசிடர் உற்பத்தியே நின்றுபோனது. இன்றைய சின்னக் கார்களில் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது, ஃபேன் மின்சாரத்தில் ஓடுகிறது. மிதித்தால் ஃபேன் வேகம் கூடாது, சூடுதான் கூடும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். ஆபத்துக்கு ஊற்றுவதில் தப்பில்லை. அதையே வைத்தியமாக நினைப்பதுதான் தப்பு. மரக்காணம் உப்பளத்தில் நடப்பது என்ன? பாத்தியில் உவர்நீரைக் கட்டி வைக்கிறார்கள், நீர் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது. கடலோர உவர்நீரை ஊற்றி ஊற்றி ஓட்டும் ரேடியேட்டரிலும் அதேதான் நடக்கிறது. நீர் ஆவியாகப் போய்விடும், உப்பு உள்ளே நிற்கும். குளோரைடு அலுமினியத்தை அரிக்கும், படிமம் குழாய்களை அடைக்கும். ஃபேன் கோளாறாக மட்டும் இருந்தது கொஞ்ச நாளில் ரேடியேட்டர் கோளாறாகவும் ஆகிவிடும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் சரியான விகிதத்தில் ஊற்றச் சொல்வது கம்பெனி வியாபாரத்துக்காக மட்டும் அல்ல.

இதைவிட மோசமான வைத்தியம், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. "நம்ம ஊரு சூட்டுக்கு அது எதுக்கு சார்?" என்பார்கள். ஃபேன் ஓடாத காரில் அது நெரிசலுக்கு மருந்தே ஆகாது. சாலையில் ஓடும்போது எஞ்சின் தேவையான சூட்டுக்கே வராமல் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் சேரும். ஃபேனை நேராக பேட்டரியில் கொடுத்து 'டைரக்ட்' செய்வதும் வீடு போய்ச் சேரத்தான் உதவும். நிரந்தரமாக அப்படியே விட்டால் கோளாறு மறைந்துதான் இருக்கும், போகாது.

வழியில் முள் சிவப்பைத் தொடப் போனால் ஏசியை நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் அதை முழுதாகத் திறக்கலாம். வேர்த்துக் கொட்டும்தான், ஆனால் எஞ்சின் சூட்டில் ஒரு பங்கு உள்ளே வந்துவிடும். தொட்டேவிட்டால் ஓரம் கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போகும். சில ரூபாய் ஃபியூஸில் முடிந்திருக்க வேண்டியது பல ஆயிரத்தில் போய் நிற்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும் நீர், மூடி திறந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும்.

காருக்கும் காய்ச்சல் மாதிரிதான். எப்போது வருகிறது என்று கேட்காமல் மருந்து எழுதும் டாக்டரிடம் யாரும் இரண்டாம் முறை போவதில்லை. ஸ்பேனரை எடுப்பதற்கு முன் "ஓடும்போதா, நிற்கும்போதா?" என்று கேட்கும் மெக்கானிக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அவர் கேட்காவிட்டால், காரின் சொந்தக்காரராவது அதைச் சொல்ல வேண்டும்.