நான்கு குழாய்களும் ஒரு கேள்வியும்



சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகச் சென்றிருந்தேன். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி சி.டி. ஸ்கேன் கருவியின் மாதிரியைச் செய்து வைத்திருந்தாள். தெர்மோகோல் வளையம், அதைச் சுழற்றும் சிறு மோட்டார், நடுவே படுத்திருக்கும் ஒரு பொம்மை. சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிந்தது, வளையம் சுழன்றது. விளக்கத்தையும் தங்கு தடையின்றி ஒப்பித்தாள். முதல் பரிசை அவளுக்கே கொடுத்தோம்.

பரிசு வாங்கிய பின் அவள் என்னிடம் வந்து, "சார், ஸ்கேன் படத்தில் கட்டி இருக்கிறது என்கிறார்களே, உடலைத் திறந்து பார்க்காமல் அந்தப் படம் சரிதான் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். நான் ஏதோ பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. உண்மையான ஆய்வு அந்தக் கேள்வியில் அல்லவா இருந்தது! நாங்கள் பரிசு கொடுத்ததோ பொம்மைக்கு.

இது மாணவர்களின் குற்றமன்று. எங்களைப் போன்ற ஆசிரியர்களின் குற்றம். பார்வைக்கு அழகாக இருப்பதையும் மனப்பாடமாகச் சொல்வதையும் பாராட்டியே பழகிவிட்டோம். என் கருத்து இதுதான்: எந்தத் திட்டத்தில் உங்கள் விடை தவறாகிப் போக வாய்ப்பு இருக்கிறதோ, அதுவே ஆய்வு. சுழன்றே தீரும் வளையம் ஆய்வு ஆகாது.

"மருத்துவப் படம் என்றால் கோடிக்கணக்கில் விலையுள்ள கருவி வேண்டுமே, பள்ளி மாணவர் என்ன செய்ய முடியும்?" என்று கேட்பீர்கள். சி.டி. ஸ்கேனை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு தம் முதல் சோதனைக் கருவியை ஒரு கடைசல் இயந்திரத்தின் அடித்தளத்தின் மீதுதான் அமைத்தார். ஒரே ஒரு படத்திற்கான அளவுகளை எடுக்க 9 நாட்கள் பிடித்தன. ஏறத்தாழ 28,000 அளவுகளைக் கொண்டு கணிப்பொறி படத்தை உருவாக்க மேலும் இரண்டரை மணி நேரம் ஆயிற்று. 1971 அக்டோபரில் லண்டன் மருத்துவமனை ஒன்றில் முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது.

சாதாரண எக்ஸ் கதிர்ப் படம் ஒரு நிழல். கதிர் செல்லும் வழியில் உள்ள எலும்பு, தசை எல்லாம் சேர்ந்து எவ்வளவு கதிரைத் தடுத்தன என்ற மொத்தக் கணக்கையே அது காட்டும். பல திசைகளில் இத்தகைய மொத்தங்களை எடுத்து, உள்ளே எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பிரித்தறிவதுதான் சி.டி. ஸ்கேனின் வேலை. இதை உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே செய்து பார்க்கலாம்.

ஒரே அளவுள்ள நான்கு சோதனைக் குழாய்களைச் சதுரமாக நிறுத்துங்கள். எல்லாவற்றிலும் சம அளவு நீர். மேல் வரிசைக் குழாய்களில் முறையே 1, 2 கரண்டி தேயிலைச் சாயம். கீழ் வரிசையில் 3, 4 கரண்டி. சாயம் சேர்க்கும் அளவுக்கு நீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஒற்றை நிறச் சிறு எல்.இ.டி. விளக்கு, கறுப்புத் தாளில் ஒரு மெல்லிய பிளவு, மறுபக்கம் எல்.டி.ஆர். என்னும் ஒளி உணரி, ஒரு மல்டிமீட்டர். வெளிச்சம் புகாமல் பெட்டியால் மூடிவிடுங்கள்.

முதலில் ஒரு குழாயில் வெறும் நீரும் மற்றதில் தெரிந்த அளவு சாயமும் வைத்து, எத்தனை கரண்டிக்கு மீட்டர் என்ன காட்டுகிறது என்று வரைபடம் போடுங்கள். மூலைவிட்டத்தில் இடைவெளி அதிகமாதலால் அதற்குத் தனி வரைபடம் வேண்டும். இனி எந்த வழியிலும் ஒளியைச் செலுத்தி, அங்குள்ள மொத்தச் சாயத்தை அறியலாம்.

வரிசைகளின் மொத்தம் 3, 7. நிரல்களின் மொத்தம் 4, 6. தெரியாதவை நான்கு, அளவுகள் நான்கு. விடை வந்துவிடும் என்றுதானே தோன்றுகிறது? மேலே 2, 1 என்றும் கீழே 2, 5 என்றும் வைத்துப் பாருங்கள். அதே 3, 7. அதே 4, 6! உள்ளே இருப்பது வேறு, நிழல் ஒன்றே. வரிசைகளின் கூடுதலும் நிரல்களின் கூடுதலும் எப்போதும் சமம் என்பதால், நான்காவது அளவு புதிதாக எதையும் சொல்லவில்லை. மூலைவிட்டத்தில் ஒளியைச் செலுத்தினால் முதல் அமைப்பு 5 என்றும் இரண்டாவது 7 என்றும் காட்டும். அப்போதுதான் குழப்பம் தீரும். ஸ்கேன் கருவி ஏன் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

இத்துடன் நிறுத்தினால் இதுவும் ஒரு வேடிக்கைதான். இனி உங்கள் தோழரை அழையுங்கள். உங்களுக்குத் தெரியாமல் அவர் குழாய்களை நிரப்பிச் சுற்றிலும் தாள் ஒட்டி, ஒளி செல்லும் துளைகளை மட்டும் விட்டு வைக்கட்டும். நீங்கள் அளந்து, கணக்கிட்டு, விடையை மையால் எழுதிய பிறகே அவர் உண்மையைச் சொல்ல வேண்டும். இப்படிப் பத்து முறை செய்யுங்கள். எத்தனை முறை தவறினீர்கள்? அரைக் கரண்டி வேறுபாட்டை உங்கள் கருவி கண்டுபிடிக்கிறதா, கால் கரண்டியை? இதுவே உங்கள் ஆய்வுக் கேள்வி. அந்த மாணவியின் கேள்விக்கும் இதில்தான் விடை இருக்கிறது. மருத்துவமனைகளிலும் உள்ளிருப்பது முன்பே தெரிந்த சோதனைப் பொருள்களைப் படமெடுத்துத்தான் கருவியைச் சரிபார்க்கிறார்கள். தவறான படத்தை நம்பிச் செய்யும் சிகிச்சைக்கு விலை கொடுப்பவர் நோயாளி அல்லவா?

ஓர் எச்சரிக்கை. எக்ஸ் கதிரையோ கதிரியக்கப் பொருளையோ தொடாதீர்கள், ஒளியே போதும். பிறருடைய ஸ்கேன் படங்களை அனுமதியின்றிக் கண்காட்சியில் வைக்காதீர்கள்.

உங்கள் அளவுகளில் ஒன்று வரைபடத்தோடு ஒட்டாமல் போகலாம். அதை அழித்துவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் இயற்பியல் விரிவுரையாளராக இருந்த ஆலன் கார்மாக், 1957இல் மரத்தால் சூழப்பட்ட ஓர் அலுமினிய வட்டத்தின் வழியே காமா கதிரைச் செலுத்தி அளந்தார். நடுவில் மட்டும் கதிர் உறிஞ்சப்படும் அளவு சற்றுக் குறைந்தது.  பட்டறையில் விசாரித்தபோது, வட்டத்தின் நடுவே தூய அலுமினியத்தால் ஆன சிறு முளை ஒன்று செருகப்பட்டிருந்தது தெரியவந்தது. அவரே அறியாத ஒன்றை அளவு கண்டுபிடித்திருந்தது! 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மாக்கும் மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அடுத்த முறை நடுவராகப் போனால் மேசையின் மேல் இருப்பதைப் பிறகு பார்ப்பேன். முதலில் குறிப்பேட்டைத்தான் கேட்பேன். அதில் தவறிப்போன அளவுகளும் இருக்கட்டும்.