புகார் கொடுத்தவருக்கு வேலை போனால் யார் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013இல் வந்த சட்டத்தின் 14ஆம் பிரிவு, தெரிந்தே பொய்ப் புகார் கொடுக்கும் பெண் மீது நடவடிக்கை எடுக்க வழிசெய்கிறது. உண்மையான புகார் கொடுத்தவரைப் பழிவாங்கும் நிர்வாகத்தைத் தண்டிக்க அதில் தனிப் பிரிவே இல்லை. இந்த ஓரவஞ்சனையைத் தமிழக அரசு திருத்த வேண்டும். புகார் கொடுத்தவருக்கு 12ஆம் பிரிவின்படி இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ கிடைக்கும். அதுவும் எழுதிக் கேட்டால், விசாரணை முடியும் வரைக்கும்தான். வேலைக்குக் கேடு வரும் என மிரட்டுவதும் துன்புறுத்தலே என்று 3ஆம் பிரிவு சொல்கிறதே எனக் கேட்கலாம். ஆனால் அது பாலியல் சீண்டலோடு சேர்ந்து வரும் மிரட்டலுக்குத்தான் பொருந்தும். சீண்டியவர் ஒருவர், சில மாதம் கழித்து ஆள் பட்டியலிலிருந்து பெயரை நீக்குபவர் இன்னொருவர் என்றால் அந்தப் பிரிவில் அவர் சிக்குவது அரிது.

எங்கள் கடற்கரை மாவட்டத்தில் மீனும் இறாலும் பதப்படுத்தும் ஆலைகள் பெண்களின் உழைப்பில்தான் ஓடுகின்றன. 2024 ஜூலையில் புதூர் பாண்டியாபுரம் ஆலையில் அமோனியா கசிந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் ஒடிசாவிலிருந்து வந்த பெண்களும் இருந்தார்கள். ஊர்விட்டு வந்து, ஒப்பந்தக்காரர் கொடுத்த இடத்தில் தங்கும் பெண்ணுக்கு வேலை போனால் கூரையும் போகும். அவரை அனுப்ப நோட்டீஸ்கூட வேண்டாம். "நாளைக்கு வராதே" என்றால் போதும். பத்துப் பேருக்குக் குறைவான இடங்களில் வேலை செய்பவர்கள் போக வேண்டிய மாவட்ட உள்ளூர்க் குழுவின் நிலையோ இன்னும் வருத்தத்துக்குரியது. அந்தக் குழுவை அமைக்க வேண்டிய மாவட்ட அலுவலர்களை நியமியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில், சட்டம் வந்து 11 ஆண்டுக்குப் பிறகு, கெடு விதிக்க வேண்டியிருந்தது.

பழிவாங்கலுக்குத் தண்டனை வைத்தால் சரியாக வேலை செய்யாதவரும் புகாரைக் கேடயமாக்குவார் என்று முதலாளிகள் அஞ்சுகிறார்கள். அதற்கு 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தின் 33ஆம் பிரிவே விடை. தகராறு நிலுவையில் இருக்கும்போதும் ஒழுங்கீனத்துக்காகத் தொழிலாளியை நீக்க முடிந்தது. ஆனால் உரிய அதிகாரியிடம் அனுமதியோ ஒப்புதலோ பெற வேண்டியிருந்தது. அதனால் ஆலைகள் மூடிவிடவில்லை. திண்டுக்கல் அருகே ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டு, அந்த ஆலை மேற்பார்வையாளர் கைதான பிறகு, பெண்கள் வழிநடத்தும் தொழிற்சங்கம் போராடி 2022இல் ஓர் ஒப்பந்தம் பெற்றது. புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவதை அது வெளிப்படையாகத் தடை செய்தது. ஒரு தொழிற்சங்கம் நிர்வாகத்திடமிருந்து பெற முடிந்ததை அரசால் சட்டமாக்க முடியாதா? பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்ட 2025 ஜனவரியில் சட்டத் திருத்தம் செய்த பேரவைதானே இது?

புகார் கொடுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் நீக்கமோ கூலிக் குறைப்போ நடந்தால், அது பழிவாங்கல் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பை நிர்வாகத்தின் மீதும் ஒப்பந்தக்காரர் மீதும் வைக்கும் திருத்தத்தைத் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் வரும் கூட்டத்தொடரிலேயே கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஆலந்தலை.