சுறாவைக் கட்டிய மந்திரம்

நம்ம தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல். அதைப் பார்த்த பெரியவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், 'கடல் கட்டி' என்றால் யார் என்று கேட்டுப் பாருங்கள். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர்! அவர் மந்திரம் சொல்லாமல் அந்தக் காலத்தில் கடலில் இறங்க மாட்டார்கள்.

13-ம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, எடுக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு இவர்களுக்குப் போனதாக எழுதியிருக்கிறார். இலங்கைக் கரையில் வெள்ளைக்கார அரசாங்கமே இவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. அங்கே மந்திரம் சொல்லும் குடும்பத்தின் தலைவர் ஒரு கத்தோலிக்கர் என்று 1859-ல் எமர்சன் டென்னன்ட் எழுதினார். குளிக்கிறவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை!

மந்திரம் சுறா காதில் விழுந்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் குளிக்கிறவர் காதில் விழுந்தது. பயந்தவனுக்கு நெஞ்சு படபடக்கும், மூச்சு சீக்கிரம் முட்டும், நிழலெல்லாம் சுறாவாகத் தெரியும். பயம் தெளிந்தவனுக்கு அதே தண்ணீரில் சிப்பி தெரியும்.

(முத்தைப் பற்பமாக்கி மருந்தாகத் தருகிற கூட்டம் நாங்கள். அதனால் இந்தக் கதையில் எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு!)

2010-ல் அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவர்கள் 80 குடல் நோயாளிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினருக்கு, "இதில் மருந்தே இல்லை" என்று சொல்லியே வெறும் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் அவர்களில் 59 சதவிகிதம் பேர் தேவலை என்றார்கள். மாத்திரை வாங்காதவர்களில் 35 சதவிகிதம்தான். பொய்கூடச் சொல்லவில்லை பாருங்கள்!

'அப்படியானால் நம்பினால் போதுமே' என்கிறீர்களா? அங்கேதான் நான் சண்டைக்கு வருவேன்.

துறைமுகத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆன ஒரு அண்ணாச்சி என்னிடம் வந்தார். யாரோ கொடுத்த இலைப் பொடியை நம்பி, சர்க்கரை மாத்திரையை நிறுத்தி மூன்று மாசம்.

"உடம்பு பஞ்சு மாதிரி லேசா இருக்கு வைத்தியரய்யா!"

"சரி அண்ணாச்சி, செருப்பைக் கழட்டுங்க."

பெருவிரலுக்குக் கீழே புண். வலியே தெரியவில்லை அவருக்கு. வெறும் வயிற்றில் சர்க்கரை 280. நம்பிக்கை அவர் உணர்வை மாற்றியது, ரத்தத்தை மாற்றவில்லை. வலி, தூக்கம், குமட்டல், படபடப்பு இவற்றில் மனசுக்குப் பெரிய பங்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் நீங்கள் 'நல்லா இருக்கேன்' என்று நினைப்பதைக் கேட்டு நடப்பதில்லை. சித்த மருந்தோ இங்கிலீஷ் மருந்தோ, அளந்து பார்க்காமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

அண்ணாச்சியை அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். விரல் தப்பியது. இப்போதும் என்னிடம் வருகிறார், கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு.